ஞாயிற்றுக்கிழமை வந்த ஸ்தோத்திரம்

அத்தியாயம் 5

எலியேசர்தான் குற்றவாளி என்று ஆபேல் முடிவு கட்டியபோது, எலியேசரின் முகத்தை அவன் இன்னும் பார்த்திருக்கவில்லை.

துப்பறிகிறவன் செய்யக்கூடாத காரியம்தான். ஆனால் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு உதவியாளர் சுஜி காலையிலிருந்து அந்த ஒரே ஆளின் புகழையே பாடிக்கொண்டிருந்தால், பாவம், மனிதன் என்னதான் செய்வான்?

"இத்தப் பாருங்க சார்," என்றாள் சுஜி, கறுப்புத் திரையில் விரலை வைத்து. "நாம நாலு வரி அடிச்சு செய்யிற வேலைய இவரு ரெண்டே எழுத்துல முடிச்சுட்டு டீ குடிக்கப் போயிருக்காரு."

"சோம்பேறி," என்றான் ஆபேல்.

"சோம்பேறின்னா நீங்க எதுக்கு சார் வாயப் பொளந்துகினு பாக்குறீங்க?"

ஆபேல் வாயை மூடிக்கொண்டான்.

சேலையூரில், ரத்தினம் ஆல்பம் ஹவுஸின் மாடி அறை அது. தாம்பரத்தில் தொடங்கி வண்டலூர் வரை எந்தக் கல்யாணத்தில் யார் படம் எடுத்தாலும், அது ஆல்பமாவது பெரும்பாலும் இங்கேதான். போட்டோகிராபர்கள் படங்களை இங்குள்ள சர்வரில் ஏற்றிவிட்டுப் போவார்கள். போன ஞாயிற்றுக்கிழமை காலை, கடை பூட்டிக் கிடந்த நேரத்தில், இந்த சீசனின் கல்யாணப் படங்கள் மொத்தமும் மாயமாகிவிட்டன. தாலி கட்டியது, மோதிரம் மாற்றியது, பந்தியில் மாமனார் கோபித்துக்கொண்டு எழுந்தது எல்லாம் போயிற்று. போன கையோடு கடை ஊழியர்களின் குரூப்பில் ஒரு மெசேஜ் வந்து விழுந்தது.

'வேலை முடிந்தது. ஸ்தோத்திரம். – எலியேசர்.'

எலியேசர்தான் அந்த சர்வரைப் பார்த்துக்கொள்கிறவன். கடை முதலாளியம்மா ரத்தினபாய் அவனுடைய போனையும் லேப்டாப்பையும் வாங்கி வைத்துக்கொண்டு, அவனைக் கீழே செக்யூரிட்டி அறையில் உட்கார வைத்திருந்தார். இன்று மாலை நாலு மணிக்குப் போலீஸில் புகார். அதற்குள் படங்கள் எங்கே என்று ஆபேல் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எலியேசருக்கு ஸ்டேஷன். பெண் வீட்டார் கையால் ரத்தினபாய்க்கு என்ன கிடைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பேக்கப் எடுக்கும் டிஸ்க் நிரம்பிவிட்டது, புதிது வாங்குங்கள் என்று எலியேசர் பல தடவை கேட்டதும், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று ரத்தினபாய் தள்ளிப் போட்டதும் உண்மை. அதைப் பற்றி மட்டும் அந்தக் கடையில் யாரும் வாய் திறக்கவில்லை.

ஆபேலும் ஒரு காலத்தில் சர்வர் பார்த்தவன்தான். ஒரு கம்பெனியில் ராத்திரி பகலாக உழைத்து அலுத்துப்போய், முடிச்சூர் ரோட்டில் ஒரு பிரியாணிக் கடைக்கு மேலே துப்பறியும் ஆபீஸ் போட்டான். மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்குப் பழைய காதல் உண்டா என்ற விசாரணைதான் பிழைப்பு. எப்போதாவது ஒரு கம்ப்யூட்டர் கேஸ் வந்தால் அவனுக்குத் திருவிழா. மவுஸைத் தொடாமல், கறுப்புத் திரையில் கமாண்டாக அடித்துத் தள்ளுவான். பெரும்பாக்கத்திலிருந்து டைப்பிங் வேலைக்கு வந்த சுஜி கண்ணைக் கொட்டாமல் பார்ப்பாள். "சார், சூப்பர் சார்" என்பாள். அந்த "சூப்பர் சார்" காதில் விழுந்த நாள் ஆபேலுக்குச் சோறு கூட வேண்டாம்.

அந்த "சூப்பர்" இன்று காலையிலிருந்து வேறு ஒருவனுக்குப் போய்க்கொண்டிருந்தது.

எலியேசரின் செட்டிங்ஸ் ஃபைல் அப்படி இருந்தது, அதுதான் கொடுமை. தினசரி செய்யும் ஒவ்வொரு நீளமான வேலைக்கும் இரண்டெழுத்தில் ஒரு ஷார்ட்கட். ஒவ்வொன்றுக்கும் மேலே, இது எதற்கு, எங்கே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று தமிழில் ஒரு வரிக் குறிப்பு. 'கை அவசரப்படும், இங்கே ஒரு மூச்சு விடு' என்று ஓரிடத்தில் எழுதியிருந்தான். ஆபேல் அதைப் படித்தான். நல்லவேளை, அவன் காதில் வந்த புகை வெளியே தெரியவில்லை.

அப்போது ஜெபகுமார் காபியோடு வந்தான். எலியேசருக்கு அடுத்தபடியாக சர்வர் வேலை பார்ப்பவன். தாடியைச் சீராக வெட்டி, சட்டையை உள்ளே விட்டு, பார்க்கப் பொறுப்பானவனாக இருந்தான்.

"சார், எலியேசர் அக்கவுண்ட் பாஸ்வேர்ட் வேலை செய்யுதா?"

"செய்யுது," என்றான் ஆபேல்.

"மாஸ்டர் பாஸ்வேர்ட் யார்கிட்ட கீது?" என்று சுஜி குறுக்கே கேட்டாள்.

"என்கிட்டதான். ஞாயித்துக்கிழமை சாயந்திரமே மேடம் மாத்தச் சொல்லிட்டாங்க. உங்களுக்கு எலியேசர் அக்கவுண்ட் போதும்ல சார்?"

"தாராளமா போதும்."

சுஜி ஆபேலின் காதருகே குனிந்தாள். "சார், இந்த அக்கவுண்ட்ல இருந்து அடுத்தவங்க ஃபோல்டரை எட்டிப் பாக்க முடியாது. மாஸ்டர் இருந்தா எல்லாத்தையும் தொறந்து பாத்துடலாம்."

"திருடன் வீட்டுக்குள்ளயே இருக்கோம். அடுத்த வீடு எதுக்கு?"

ஜெபகுமார் தன் லேப்டாப்பைத் திறந்து எதிரில் உட்கார்ந்தான். சர்வரில் இப்போது எவ்வளவு இடம் காலி என்று ஆபேல் கேட்டான். தட், தட், அப்புறம் என்டர். ஜெபகுமார் திரையைத் திருப்பிக் காட்டினான்.

டிஸ்க் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. படங்கள் காணாமல் போவதற்கு முன்னால் எவ்வளவோ, இப்போதும் அதே அளவு.

"இன்னா சார் இது," என்றாள் சுஜி. "வூட்ல இருந்த சாமான் எல்லாம் திருடு போச்சுன்றாங்க, உள்ள போய்ப் பாத்தா கால் வைக்க எடமில்ல."

ஆபேலின் மூளையில் பல்ப் எரிந்தது. எரிந்த பல்ப் நல்ல பல்ப்தான். அதன் வெளிச்சத்தை அவன் எந்தப் பக்கம் திருப்பினான் என்பதில்தான் கோளாறு.

"படங்களை அழிக்கலை. இதே சர்வர்ல எங்கேயோ ஒளிச்சு வச்சிருக்கான். எல்லாரும் அழுது முடிச்ச பிறகு, 'நான் மீட்டுட்டேன்'னு வந்து நிப்பான். மேடம் மாலை போடுவாங்க. அதுக்குத்தான் இவ்வளவும்."

"அப்ப எதுக்கு சார் தன் பேரைப் போட்டு குரூப்ல மெசேஜ் வுட்டாரு?"

"அது தானா போற மெசேஜ். மறந்திருப்பான்."

"சரியா சொன்னீங்க சார்," என்றான் ஜெபகுமார். அவன் குரலில் சட்டென்று ஒரு கசப்பு ஏறியது. "அவனுக்கு எப்பவும் மேடம்கிட்ட பேர் வாங்கணும். எனக்கு இந்த ஷார்ட்கட் எல்லாம் ஆகாது. ஒவ்வொரு எழுத்தா முழுசா அடிக்கிறவன் நான். ஆனா யாரு கண்ணுல படுது? எலியேசர் தும்மினாக்கூட 'சபாஷ் எலியேசர்'."

ஆபேலுக்கு ஜெபகுமாரை உடனே பிடித்துப்போயிற்று. நியாயமான மனிதன் என்று நினைத்துக்கொண்டான்.

செக்யூரிட்டி அறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் எலியேசர் உட்கார்ந்திருந்தான். ஆபேல் ஒரு திமிர் பிடித்தவனை எதிர்பார்த்திருந்தான். இருந்ததோ ஒல்லியாக, கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு, எழுந்து நின்று வணக்கம் சொல்லும் ஓர் ஆள். இது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"ஞாயித்துக்கிழமை காலைல எங்க இருந்தீங்க?"

"சர்ச்ல சார். கொயர்ல பாடுறேன்."

"போன்?"

"பாக்கெட்லதான் இருந்துச்சு. மெசேஜ் வந்தது தெரியும். நான்தான் ஏதோ வேலைக்கு டைமர் போட்டிருப்பேன்னு நினைச்சுட்டேன்."

"போன்ல இருந்தே சர்வருக்குள்ள போகலாம்ல?"

"போகலாம் சார்," என்று எலியேசர் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டான். "ஆனா போகல."

"அந்த மெசேஜ் எப்ப போகும்?"

"ஒரு நிமிஷத்துக்கு மேல ஓடுற எந்த வேலை முடிஞ்சாலும் தானா போகும். திரை முன்னாடியே காத்துக்கிடக்க வேணாம்ல. இந்த வேலைக்கு வந்த முதல் வாரம் எழுதினது."

"அதுல வர்ற பேரு?"

"லாகின் பண்ணியிருக்கிறவங்க பேருதான் சார். அப்படித்தான் எழுதியிருப்பேன்."

தன் கழுத்துக்குத் தானே கயிறு எடுத்துக் கொடுக்கிறானே என்று ஆபேல் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான். லாகின் செய்தவன் பெயர் வரும், வந்த பெயர் எலியேசர், கதை முடிந்தது. 'எழுதினேன்' என்று சொல்லாமல் 'எழுதியிருப்பேன்' என்று அவன் சொன்னதை ஆபேல் கவனிக்கவில்லை. சுஜி ஒரு தடவை புருவத்தைத் தூக்கினாள்.

"ஏன் சார்," என்று அவள் எலியேசரைக் கேட்டாள், "அழிக்கிற கமாண்ட் அடிக்கும்போது உங்களுக்கு பயமே வராதா?"

அந்த "சார்" ஆபேலுக்குச் சுருக்கென்று தைத்தது. இதுவரை அந்த வார்த்தை அவன் ஒருவனுக்கே சொந்தம் என்று நினைத்திருந்தான்.

"வரும்க்கா," என்றான் எலியேசர். "அதான் முதல்ல எதெல்லாம் போகும்னு காட்ட மட்டும் சொல்லுவேன். பாத்துட்டு, அதே கமாண்டைத் திரும்ப எடுத்து, கடைசியில்தான் தூக்குவேன். அப்பவும் நேரா அழிக்க மாட்டேன். கே, பி, ரெண்டே எழுத்து, 'குப்பை'ன்னு ஒரு ஷார்ட்கட். நாம எந்த ஃபோல்டர்ல நிக்கிறோமோ அதை மூட்டை கட்டி ஒரு மறைவான இடத்துல போட்டு வைக்கும். மனசு மாறினா எடுத்துக்கலாம். என் மூட்டை எல்லாத்தையும் மேடம் முன்னாடியே தொறந்து காட்டிட்டேன். அதுல படம் இல்ல."

சுஜியின் கண் விரிந்தது. "சூப்பர் சார்."

போச்சு. ஆபேல் அங்கே நிற்கவில்லை. "நீ கேட்டுட்டு வா, எனக்கு வேலை இருக்கு," என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினான். சேலையூருக்கு மேலே ஒரு பயிற்சி விமானம் உறுமிக்கொண்டு போயிற்று. அந்தச் சத்தத்தில் அவன் என்ன முணுமுணுத்தான் என்பது அவனுக்கே கேட்கவில்லை.

மாடி அறையில் யாரும் இல்லை. எலியேசரின் செட்டிங்ஸ் ஃபைல் திரையில் திறந்தபடி கிடந்தது.

சர்வர் வேலை பார்த்தவர்களிடம் ஒரு வியாதி உண்டு. அடுத்தவனுடைய செட்டிங்ஸ் ஃபைல் அழகாக இருந்தால் கை நமநமக்கும். பர்ஸைத் தெருவில் பார்த்தால் கூடத் தொடாதவர்கள், இதை மட்டும் கண் இமைப்பதற்குள் சுருட்டிவிடுவார்கள். ஆபேல் மேல் பாதியைப் படித்தான், மயங்கினான். கீழ்ப் பாதியைப் படிக்கப் பொறுமை இல்லை. கதவை ஒரு தடவை பார்த்துக்கொண்டு, முழு ஃபைலையும் தன் லேப்டாப்புக்கு வாரிக்கொண்டான்.

நாளைக்கு சுஜியின் முன்னால் சாவகாசமாக இரண்டெழுத்தைத் தட்டி ஒரு மலையைப் புரட்ட வேண்டும். அவள் "சூப்பர் சார்" என்று சொல்ல வேண்டும். அவனுக்கு வேறெதுவும் வேண்டாம்.

நாலு மணி நெருங்கியது. ரத்தினபாயின் அறையில் எல்லோரும் கூடினார்கள். ரத்தினபாய் கண்ணாடி போட்ட, கண்டிப்பான மனுஷி. மேஜையில் அவருக்கு முன்னால் எலியேசரின் போனும் லேப்டாப்பும் இருந்தன. எலியேசர் சுவரோரமாகக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். ஜெபகுமார் தன் லேப்டாப்போடு மேஜையின் அந்தப் பக்கம் இருந்தான். விசாரணைக்காக சுஜியையும் ஊழியர் குரூப்பில் சேர்த்திருந்தார்கள்.

ரத்தினபாய் வக்கீலோடு போனில் பேசி முடிக்கட்டும் என்று ஆபேல் காத்திருந்தான். மடியில் லேப்டாப். சும்மா இருந்த கைக்கு ஆசை விட்டதா? பழைய விசாரணை வீடியோக்கள் போட்டு வைத்த ஒரு ஃபோல்டர் அவனிடம் இருந்தது. மூன்று மாப்பிள்ளைகளின் மதுக்கடை விஜயங்கள். அதில் போய் நின்றுகொண்டு, மெதுவாக, கே, பி, என்டர். மூட்டை கட்டும் வேலை ஓடத் தொடங்கியது.

"சொல்லுங்க ஆபேல்," என்று ரத்தினபாய் போனை வைத்தார்.

ஆபேல் தொண்டையைச் செருமிக்கொண்டான். "மேடம், படங்கள் அழியலை. டிஸ்க்ல இடம் குறையாததே அதுக்கு சாட்சி. இதே சர்வர்ல ஒளிச்சு வச்சிருக்காங்க. மெசேஜ் லாகின் பண்ணவங்க பேர்லதான் போகும்னு அவரே சொல்லிட்டாரு. மெசேஜ்ல வந்த பேரு எலியேசர். இதுக்கு மேல நான் விளக்க வேண்டியதில்லை."

எலியேசர் தலையைக் குனிந்துகொண்டான். "மேடம், நான் செய்யல," என்றான்.

"இதையே ஸ்டேஷன்ல சொல்லு," என்று ரத்தினபாய் கைப்பையை எடுத்தார்.

டிங்.

ரத்தினபாயின் போன். ஜெபகுமாரின் போன். சுஜியின் போன். மேஜைமேல் கிடந்த எலியேசரின் போன்.

ரத்தினபாய் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உரக்கப் படித்தார். "வேலை முடிந்தது. ஸ்தோத்திரம். எலியேசர்."

எல்லோரும் எலியேசரைப் பார்த்தார்கள். அவன் கைகள் கட்டியபடியே இருந்தன. அவன் லேப்டாப் மூடிக் கிடந்தது.

"இப்ப யாரு அனுப்பினா?" என்றார் ரத்தினபாய்.

அது யார் என்று அந்த அறையில் ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும். அவன் மடியில் இருந்த லேப்டாப்பில் மூட்டை கட்டி முடிந்திருந்தது. மெசேஜில் வருவது லாகின் பெயர் இல்லை. அந்த முதல் வாரத்தில், கடையில் தான் ஒருவனே சர்வர் ஆள் என்பதால், எலியேசர் தன் பெயரை அப்படியே தட்டி வைத்திருக்கிறான். பிறகு மறந்தும் போயிருக்கிறான். அந்த ஃபைலை யார் சுருட்டினாலும், எங்கே வைத்து ஓட்டினாலும், பழி எலியேசருக்கு.

அப்பாடா, இந்த எலியேசர் வேலையிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. முதலில் ஆபேலுக்கு வந்தது அந்த அற்ப சந்தோஷம்தான். அது அடங்கிய பிறகுதான் பயம் வந்தது. வாயைத் திறந்தால் திருட்டு வெளியே வரும், அதுவும் சுஜியின் முன்னால். திறக்காவிட்டால்? லேப்டாப்பை மெல்ல மூடினால் போதும். 'டைமர் போட்டிருப்பான் மேடம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எலியேசர் ஸ்டேஷனுக்குப் போவான். சுஜி திரும்பவும் பக்கத்து நாற்காலியில் உட்காருவாள்.

அவன் கை லேப்டாப் மூடிவரை போனது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இதேபோல ஒருவன் கை லேப்டாப் மூடிவரை போயிருக்கிறது என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அவனும் இதேபோல எரிந்துதான் அந்த ஃபைலைச் சுருட்டியிருப்பான். மெசேஜில் எலியேசர் பெயரைப் பார்த்தவுடன் அவன் மூடியை மூடிவிட்டான்.

"நான்தான் மேடம்," என்றான் ஆபேல்.

"என்ன?"

"நான்தான் அனுப்பினேன். அனுப்பணும்னு அனுப்பலை. மத்தியானம் எலியேசரோட செட்டிங்ஸ் ஃபைலை யாருக்கும் தெரியாம என் லேப்டாப்புக்கு எடுத்துக்கிட்டேன். இப்ப ஓட்டிப் பார்த்தேன். பேரு லாகின்ல இருந்து வரலை. உள்ளே எழுதியே வச்சிருக்கு."

"எதுக்கு எடுத்தீங்க?"

ஆபேல் சுஜியைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான். "பொறாமை மேடம்."

ரத்தினபாய் மெதுவாக உட்கார்ந்தார். எலியேசர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டான். "ஐயோ, ஆமா. அப்ப நான் மட்டும்தானே இருந்தேன். பேரைக் கையாலதான் அடிச்சேன். மறந்தே போச்சு மேடம்."

"அப்ப ஞாயித்துக்கிழமை அனுப்பினது இவரு இல்லாமலும் இருக்கலாம்," என்றான் ஆபேல். அவன் குரலில் பழைய தெம்பு திரும்பியிருந்தது. "என்னை மாதிரியே அந்த ஃபைலை எடுத்தவங்க யாரோ அவங்க. சர்வர்ல கை வைக்கிறவங்க இந்தக் கடையில ரெண்டே பேர்."

ஜெபகுமாரின் முகத்தில் ஈயாடவில்லை.

"சார், நான் ஷார்ட்கட்டே பயன்படுத்த மாட்டேன்னு காலைலயே சொன்னேன். ஒவ்வொரு எழுத்தா..."

"தட், தட்," என்றாள் சுஜி.

"என்னது?"

"டிஸ்க்ல எவ்ளோ எடம் கீதுன்னு சார் கேட்டாரு. நீங்க தட், தட், என்டர். அத்தோட பதில் வந்துச்சு. முழுசா அடிச்சா அஞ்சாறு தட்டாவது கேக்கணும் சார். நான் டைப்பிங் வேலைக்கு வந்தவ. கண்ண மூடிக்கினாலும் எண்ணிடுவேன்."

"ஏன் என்கிட்ட சொல்லலை?" என்றான் ஆபேல்.

"சொல்ல வந்தேன். நீங்க அந்தத் திருடன் வூட்லயே குடியிருந்தீங்க."

ஆபேல் எழுந்து ஜெபகுமாரின் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தான். "ஒரு சின்ன வேலை. கம்ப்யூட்டரை எதுவும் செய்யாம ஒரு நிமிஷத்துக்கு மேல தூங்கச் சொல்ற கமாண்ட் ஒண்ணு இருக்கு. அதை அடிக்கிறேன். உங்ககிட்ட அந்த ஃபைல் இல்லைன்னா எந்த போனும் அடிக்காது. நானே மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

அடித்தான். திரை சும்மா நின்றது. கீழே ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. ரத்தினபாய் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். ஜெபகுமாரின் கை மெல்ல கீபோர்டுப் பக்கம் நகர்ந்தது. நிறுத்த இரண்டு விசை போதும்.

"கைய எடு," என்றாள் சுஜி.

கை நின்றது. ஒரு நிமிடம் இவ்வளவு நீளமா என்று ஆபேலுக்கே தோன்றியது.

டிங்.

நாலு போனும் ஒன்றாக அடித்தன. இந்தத் தடவை யாரும் எடுத்துப் படிக்கவில்லை.

"மேடம்," என்று ஜெபகுமார் அழத் தொடங்கினான். "அழிக்கணும்னு செய்யல மேடம். சர்வர் டிஸ்க் ரொம்பிடுச்சுன்னு நீங்க தினமும் சத்தம் போட்டீங்க. ஒரே மாதிரி படம் ரெண்டு ரெண்டா கிடந்தா அதை மட்டும் கூட்டித் தள்ளிடலாம்னு ஞாயித்துக்கிழமை வீட்ல இருந்தே சர்வருக்குள்ள போனேன். அவன் குப்பைக்கு அந்த ரெண்டெழுத்தைத் தட்டுறத பாத்திருக்கேன், அதான் அவன் ஃபைலை எடுத்து வச்சிருந்தேன். வேண்டாத படத்தை மட்டும் அதுவே பொறுக்கும்னு நினைச்சேன். ஃபோல்டரையே தூக்கிடும்னு தெரியாது. திங்கக்கிழமை நீங்க ஒரு வார்த்தை, 'சபாஷ் ஜெபா'ன்னு ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு... எல்லாம் போயிடுச்சு. போனைப் பாத்தா அவன் பேரு. அது எப்படின்னு எனக்கே புரியல. ஆனா..."

"ஆனா சந்தோஷமா இருந்துச்சு," என்றான் ஆபேல்.

ஜெபகுமார் தலையாட்டினான்.

"சந்தோஷப்பட்டு என்னடா பண்றது?" என்று ரத்தினபாய் மேஜையைத் தட்டினார். "படம் போனது போனதுதானே. அந்தப் பெண் வீட்டுக்காரங்களுக்கு நான் என்ன சொல்லுவேன்?"

ஆபேல் தன் லேப்டாப்பைத் திருப்பினான். "போகலை மேடம். பேருதான் எலியேசர் பேரு. மூட்டை போய் விழுற இடம் அப்படி இல்ல. யார் தட்டினாங்களோ அவங்க சொந்த ஃபோல்டருக்குள்ள, கண்ணுக்குத் தெரியாத மூலையில போய் உக்காருது. பாருங்க, என் மூணு மாப்பிள்ளைகளும் என் வீட்டுக்குள்ளயே பத்திரமா இருக்காங்க. எலியேசர் தன் மூலையைத் தேடினாரு, இல்ல. நான் எலியேசர் அக்கவுண்டையே சுத்திச் சுத்தி வந்தேன், எனக்கும் இல்ல. ஜெபகுமார், உங்க ஃபோல்டரைத் திறந்து மறைஞ்சிருக்கிறதையும் சேர்த்துக் காட்டச் சொல்லுங்க."

ஜெபகுமார் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். எலியேசர் வந்து அவன் தோளுக்கு மேலே குனிந்து, அவனுக்காகத் தட்டினான். வந்தது. ஒரே ஒரு பெரிய மூட்டை. பிரித்தவுடன் முதலில் வந்து நின்றது, மாலையும் கழுத்துமாக யாரோ ஒரு பெண். கண்ணை மூடியிருந்தாள். போட்டோகிராபர் அவசரத்தில் அமுக்கிய படம்.

ரத்தினபாய் திரையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு எலியேசரின் போனையும் லேப்டாப்பையும் எடுத்து, இரண்டு கையாலும் அவனிடம் நீட்டினார்.

"மன்னிச்சுடுப்பா. அந்தப் புது டிஸ்க்கை நாளைக்கே வாங்கிடு."

எலியேசர் அவற்றை வாங்கிக்கொண்டு ஜெபகுமாரைப் பார்த்தான். கோபம் இருந்தது. அதைவிட ஆச்சரியம் அதிகமாக இருந்தது.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனேடா," என்றான். "உக்கார வச்சு ஒவ்வொண்ணா சொல்லியும் குடுத்திருப்பேன்."

அதை அவன் ஜெபகுமாரிடம்தான் சொன்னான். ஆபேல்தான் தலையைத் திருப்பிக்கொண்டான்.

சுஜி இரண்டு படி முன்னாலேயே இறங்கிப் போனாள். பைக் பக்கத்தில் வந்ததும் அவனே தொடங்கினான்.

"திட்டணும்னா திட்டிடு."

"எதுக்கு சார் திட்டணும்? மூடிய மூடாம உண்மைய சொன்னீங்களே. நீங்க மூடிடுவீங்கன்னுதான் பாத்துகினு இருந்தேன்." ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். "மூடியிருந்தீங்கன்னா நாளைக்கு நான் வேலைக்கு வந்திருக்க மாட்டேன்."

"உனக்குத் தெரியுமா? நான் ஃபைல் எடுத்தது?"

"மெசேஜ் வந்ததும் உங்க மூஞ்சியப் பாத்தேன். திருட்டு முழி. அது போதாதா?" அவள் சிரித்தாள். "அப்புறம் இன்னொண்ணு. வர்ற ஞாயித்துக்கிழமை எலியேசர் அண்ணாக்கு அவங்க சர்ச்ல எல்லார் முன்னாடியும் கல்யாணத்த அறிவிச்சு ஓலை வாசிக்கிறாங்க. பொண்ணு குரோம்பேட்டை. புகார் போயிருந்தா அந்தக் கல்யாணமே நின்னுருக்கும்னு செக்யூரிட்டி ரூம்ல அழுதாரு."

"அண்ணாவா?" என்றான் ஆபேல். "மத்தியானம் சார்னு சொன்ன?"

"அப்ப உங்க மூஞ்சி போன போக்கு நல்லா இருந்துச்சு. அதான்."

ஆபேல் அசடு வழிந்தான். மனசு லேசாகிவிட்டது. லேசானதும் நல்லவனாகிவிட வேண்டும் என்று ஆசை வந்தது. பைக் சீட்டின் மேலேயே லேப்டாப்பைத் திறந்தான். எலியேசரின் ஃபைலைத் தனியாக ஒரு ஃபோல்டரில் போட்டு, சுஜிக்குத் தெரியும்படி திரையைத் திருப்பி, கம்பீரமாகத் தட்டினான்.

"பார்த்துக்கோ. அழிச்சாச்சு. இனி அடுத்தவன் பொருள் எனக்கு வேண்டாம்."

சுஜி திரையைப் பார்த்தாள். அவன் விரலைப் பார்த்தாள்.

"எந்த கமாண்ட் சார் அடிச்சீங்க?"

ஆபேலின் விரல் கீபோர்டின் மேலேயே நின்றது. கே, பி. இரண்டே எழுத்து. மத்தியானம் கற்றது, அதற்குள் கைக்குப் பழகிவிட்டிருந்தது.

"அப்ப அது போவல சார்," என்று சுஜி பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். "உள்ளயேதான் கீது. வண்டிய எடுங்க."